நிழலின் பொருளாதாரம்: அமெரிக்கச் சிறுமுதலீட்டுக் குற்றப்படங்களும் திகில் படங்களும் (1940–1960)

பொருளும் நோக்கமும்

1930களின் நடுப்பகுதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை அமெரிக்கத் திரையரங்குகளில் பெரும்பாலானவை ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு கதைப்படங்களைக் காட்டிவந்தன. புகழ்பெற்ற நடிகர்களும் பெரும் பொருட்செலவும் கொண்ட படம் 'ஏ' படம் எனவும், அதற்குத் துணையாக ஓடிய, பெரும்பாலும் 60 முதல் 75 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிற சிறுமுதலீட்டுப் படம் 'பி' படம் எனவும் தொழில்வட்டத்தில் வழங்கப்பட்டன. கௌபாய் படங்கள், இசைப்படங்கள், நகைச்சுவைத் தொடர்கள் என எல்லா வகையிலும் பி படங்கள் வந்தன எனினும், தம் காலத்தைத் தாண்டி இன்றும் விரும்பிப் பார்க்கப்படுபவை பெரும்பாலும் குற்றப்படங்களும் திகில் படங்களுமே. சில நாள்களில் எடுக்கப்பட்டு, சில வாரங்கள் ஓடி, பின் மறக்கப்படுவதற்கென்றே உருவான இப்படங்களுள் சில, அதே ஆண்டுகளில் பலமடங்கு பணம் செலவிட்டு எடுக்கப்பட்ட படங்களைவிட நீண்ட ஆயுள் பெற்றது எப்படி என்பதே இச்சொற்பொழிவு ஆராயும் கேள்வி.

இக்கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடைகள் இரண்டு. பணமின்மையே கற்பனையைத் தூண்டியது, வறுமையே கலையைப் பெற்றெடுத்தது என்பது ஒன்று. இவை உண்மையில் எளிய பொழுதுபோக்குப் படங்களே, பழமையின்மீது கொண்ட பற்றினால் பிற்காலத்தவர் இல்லாத பெருமையை இவற்றுக்கு ஏற்றிவிட்டனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டு விடைகளும் சான்றுகளோடு பொருந்தவில்லை. வறுமை மட்டுமே கலையைத் தருமாயின் அக்காலத்தில் வெளிவந்த நூற்றுக்கணக்கான பி படங்களும் சிறந்தவையாக இருந்திருக்க வேண்டும். அவற்றுள் மிகப்பெரும்பாலானவை அவ்வாறு இல்லை. பெருமை முழுவதும் பிற்காலத்தவர் கற்பித்ததாயின், சில இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், தயாரிப்பாளர்கள் ஆகியோரின் படங்களில் மட்டும் அப்பெருமை மீண்டும் மீண்டும் தங்குவதற்குக் காரணம் கூற இயலாது. உறுதியான விற்பனையைத் தந்த வணிக அமைப்பு, மேலிடத்தின் கவனம் அதிகம் விழாத ஒரு சிறு சுதந்திரம், அச்சுதந்திரத்தைப் பயன்படுத்தத் தெரிந்த தேர்ந்த கைத்திறன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியபோதுதான் இப்படங்கள் பிறந்தன என்பது இங்கு நிறுவப்படும் கருத்தாகும்.

இரட்டைக் காட்சியும் நிலைவாடகையும்

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்கத் திரையரங்குகளைக் காலியாக்கியது. பார்வையாளரை மீண்டும் அழைத்துவர அரங்க உரிமையாளர்கள் கையாண்ட வழிகளுள் நிலைத்தது இரட்டைக் காட்சிமுறை. ஒரு சீட்டின் விலைக்கு இரண்டு படங்கள், செய்திப்படம், கேலிச்சித்திரப்படம் ஆகியவை கிடைத்தன என்பதால் மூன்று மணிநேரத்திற்கு மேல் ஒரு குடும்பம் அரங்கில் தங்கியது. இரண்டாவது படத்தை யார் தயாரிப்பது, எவ்வளவு செலவில் தயாரிப்பது என்ற கேள்வியிலிருந்துதான் பி படத் தொழில் எழுந்தது.

இத்தொழிலின் இயல்பைத் தீர்மானித்தது வாடகைமுறையே ஆகும். ஏ படத்திற்கு அரங்கின் வசூலில் ஒரு பங்கு நிறுவனத்திற்குச் சென்றது. படம் நன்றாக ஓடினால் பங்கு பெருகியது, ஓடாவிட்டால் சுருங்கியது. பி படத்திற்கோ நிலைவாடகை, அதாவது கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் மாறாத ஒரு சிறு தொகை, முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டது. இதனால் பி படத்தின் வருவாய் எடுக்கும் முன்பே ஏறத்தாழக் கணக்கிடக்கூடியதாக இருந்தது. வருவாய் கூடும் வாய்ப்பு இல்லாதபோது இலாபத்திற்கு எஞ்சிய ஒரே வழி செலவைக் குறைப்பதுதான். படப்பிடிப்பு நாள்கள், படச்சுருளின் நீளம், அரங்கமைப்பு, நடிகர் ஊதியம் ஆகிய அனைத்தும் இக்கணக்கிற்குள் அடங்கின. மறுபுறம், குறிப்பிட்ட செலவுக்குள், குறிப்பிட்ட நாளுக்குள் படம் வந்து சேர்ந்துவிட்டால் அதன் உள்ளடக்கத்தைப் பற்றி மேலிடம் பெரிதாகக் கவலைப்படவில்லை. இம்முறையின் இறுக்கம், நெகிழ்வு ஆகிய இரண்டுக்கும் வேர் ஒன்றே.

எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெருநிறுவனங்களும் சொந்தத் திரையரங்குகளை வைத்திருந்தன. ஒரு நல்ல படத்தை வேண்டும் அரங்கு அதனோடு சேர்த்துப் பல சாதாரணப் படங்களையும் வாங்கியே ஆகவேண்டும் என்ற தொகுப்பு வாடகைமுறையையும் கையாண்டன. எனவே இந்நிறுவனங்களே தமக்கென பி படப் பிரிவுகளை நடத்தின. இவற்றுக்குக் கீழே, ஹாலிவுட்டின் கோவர் தெருவை ஒட்டிய பகுதியில் நிலைகொண்டிருந்ததால் 'வறுமைச் சந்து' என்று அழைக்கப்பட்ட சிறுநிறுவனங்களின் உலகம் இருந்தது. மோனோகிராம், ரிபப்ளிக், புரொடியூசர்ஸ் ரிலீசிங் கார்ப்பரேஷன் எனப்பட்ட பி.ஆர்.சி. ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. 'டிராகுலா'வாக 1931இல் உலகப் புகழ் பெற்ற பேலா லுகோசி, பத்தாண்டுகளுக்குப் பின் மோனோகிராமின் மலிவான திகில் படங்களில் தொடர்ந்து நடிக்க நேர்ந்தது. அப்படங்களைப் பார்ப்பவர்கள் வறுமை தானாகவே கலையாகிவிடுவதில்லை என்பதை எளிதில் உணர்வர். வெற்றுச் சுவர்கள், அசையாத கேமரா, அவசரத்தில் எழுதப்பட்ட உரையாடல் ஆகியவை அங்கே குறைகளாகவே நிற்கின்றன.

வால் லூட்டனும் காட்டப்படாத அச்சமும்

அதே குறைகளை வடிவமாக மாற்ற முடியும் என்று முதன்முதலில் தெளிவாகக் காட்டியது ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் 1942 முதல் 1946 வரை இயங்கிய வால் லூட்டனின் திகில் பிரிவு. கிரிமியாவின் யால்டா நகரில் 1904இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, நாவல்களும் இதழ்க் கட்டுரைகளும் எழுதிப் பிழைத்து, தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக்கிடம் கதைப்பிரிவுப் பொறுப்பாளராகப் பணியாற்றியவர் லூட்டன். ஆர்சன் வெல்ஸின் படங்களால் நட்டமடைந்திருந்த ஆர்.கே.ஓ., யுனிவர்சல் நிறுவனம் அரக்கர் கதைகளால் ஈட்டிய வருவாயைத் தானும் ஈட்ட விரும்பி அவரை அமர்த்தியது. நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 1,50,000 டாலருக்குள் முடிய வேண்டும், 75 நிமிடங்களைத் தாண்டக் கூடாது, படத்தின் தலைப்பை நிறுவனமே முடிவுசெய்யும்.

முதலில் தரப்பட்ட தலைப்பு 'கேட் பீப்பிள்'. பூனையாக மாறும் மனிதர்கள் என்ற அத்தலைப்பிலிருந்து எளிதில் எதிர்பார்க்கக்கூடிய ஒப்பனை அரக்கனைக் கைவிட்டு, நியூயார்க்கில் வாழும் செர்பியப் பெண் ஒருத்தியின் அச்சத்தைக் கதையாக்கினர் லூட்டனும் எழுத்தாளர் டிவிட் போடீனும். காதலோ பொறாமையோ தன்னுள் எழுந்தால் தான் கருஞ்சிறுத்தையாக மாறிவிடக்கூடும் என்று அஞ்சும் அப்பெண் கணவனை நெருங்கவிடாமல் விலகி நிற்கிறாள். அவள் உண்மையில் மாறுகிறாளா, அல்லது அது அவளது மனநோயா என்ற ஐயத்தின்மேல் படம் முழுவதும் நிற்கிறது. ஜாக் டூர்னர் இயக்கி, நிக்கோலஸ் முசுராகா ஒளிப்பதிவு செய்த இப்படத்தில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டு, வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்திற்காகப் பெருஞ்செலவில் கட்டப்பட்டு நிறுவனத்தில் எஞ்சியிருந்த அரங்கமைப்பாகும்.

இப்படத்தின் இரண்டு காட்சிகள் திகில் படக் கலையின் போக்கையே மாற்றின. முதலாவதில், கணவனின் தோழி ஆலிஸ் இரவில் பூங்காவை ஒட்டிய நடைபாதையில் தனியே செல்கிறாள். தெருவிளக்குகளின் ஒளிவட்டங்களும் அவற்றுக்கிடையே இருட்டுமாக அப்பாதை நீள்கிறது. பின்னால் வரும் காலடியோசை ஒரு கட்டத்தில் நின்றுபோகிறது. இசை எதுவும் இல்லை. விலங்கின் சீறல் போன்ற ஓர் ஒலி திரையைக் கிழிக்கும்போது பார்வையாளர் திடுக்கிடுகின்றனர். ஆனால் வந்து நிற்பது காற்றுத்தடையின் ஓசையோடு ஒரு நகரப் பேருந்து. படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன் அமைத்த இந்த வெட்டு 'லூட்டன் பஸ்' என்ற பெயரில் திரைப்படத் தொழிலின் கலைச்சொல்லாகவே நிலைத்தது. அச்சத்தை மெல்ல ஏற்றி, தீங்கற்ற ஒன்றால் அதைத் திடீரென உடைக்கும் உத்தி அது. இரண்டாவதில், அதே ஆலிஸ் நிலத்தடி நீச்சல் குளத்தில் தனித்திருக்க, தண்ணீரின் ஒளியலைகள் சுவரிலும் கூரையிலும் நடுங்க, எங்கோ ஓர் உறுமல் மட்டும் கேட்கிறது. குளம், விளக்கு, நிழல், ஒலி ஆகியவற்றைத் தவிர இக்காட்சிக்கு எதுவும் தேவைப்படவில்லை. சிறுத்தையை வெளிப்படையாகக் காட்டியே தீரவேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியதால் ஓரிடத்தில் அது காட்டப்பட்டது. அங்கும் மேசைகளுக்கிடையே இருளில் நழுவும் வடிவமாக மட்டுமே அது தோன்றுகிறது.

படம் பெற்ற வெற்றி லூட்டனின் கையை வலுவாக்கியது. அடுத்த ஆண்டே வெளிவந்த 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி', மலிவான தலைப்புக்குள் ஆழ்ந்த பொருளை வைக்கும் அவரது முறைக்குச் சிறந்த சான்று. சார்லட் பிரான்டியின் 'ஜேன் அயர்' நாவலின் சாயலை எடுத்துக்கொண்டு, கரீபியத் தீவொன்றில் கரும்புத்தோட்ட முதலாளிகளின் வீட்டிற்குச் செவிலியாக வரும் ஒரு பெண்ணின் கண்வழியே கதை செல்கிறது. அவ்வீட்டு முற்றத்தில் நிற்கும் சிலை, அடிமைகளைச் சுமந்துவந்த கப்பலின் முகப்பிலிருந்து எடுத்துவரப்பட்டது என்ற செய்தி தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. நடைப்பிணமாகிவிட்ட எசமானியின் நிலைக்கும் அத்தீவின் மக்கள் சுமக்கும் அடிமை வரலாற்றின் துயருக்கும் உள்ள உறவை இப்படம் எங்கும் விளக்கிச் சொல்லாமலே உணர்த்துகிறது. கறுப்பின மக்களைப் பெரும்பாலும் நகைச்சுவைப் பாத்திரங்களாகவே காட்டிவந்த அக்கால ஹாலிவுட்டில், துணைப்படமாக வந்த ஒரு திகில் படம் இதைச் செய்தது என்பது வரலாற்றில் குறிக்கத்தக்கது.

'தி லெப்பர்ட் மேன்' (1943) படத்தில் இரவில் மாவு வாங்கிவர அனுப்பப்பட்ட சிறுமி வீடு திரும்பிக் கதவைத் தட்டுகிறாள்; சோம்பலுக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று எண்ணும் தாய் கதவைத் திறக்கத் தாமதிக்கிறாள்; வெளியே நடப்பது எதையும் காட்டாமல், கதவின் அடியிலிருந்து உள்ளே வழியும் இரத்தத்தை மட்டும் கேமரா காட்டுகிறது. அரக்கனை உருவாக்கப் பணம் இல்லை என்ற நிலை, அரக்கன் தேவையே இல்லை என்ற கலைமுடிவாக இங்கே மாறுகிறது. ஆனால் அம்மாற்றம் தானாக நிகழவில்லை. ஒவ்வொரு திரைக்கதையின் இறுதி வடிவத்தையும் லூட்டன் தம் கையாலேயே திருத்தி எழுதினார். சில படங்களில் கார்லோஸ் கீத் என்ற புனைபெயரில் எழுத்தாளராகவும் இடம்பெற்றார். படத்தொகுப்பாளர்களாக இருந்த மார்க் ராப்சனையும் ராபர்ட் வைஸையும் இயக்குநர்களாக உயர்த்தியதும் அவரே. அவர்களுள் வைஸ் பிற்காலத்தில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஆகிய படங்களுக்காக இருமுறை ஆஸ்கர் பெற்றார். நான்காண்டுகளில் ஒன்பது திகில் படங்களைத் தந்த லூட்டனுக்கு, பெரிய படங்களுக்கு மாறிய பின் அதே வெற்றி வாய்க்கவில்லை. 1951இல், தம் 46ஆம் வயதில், மாரடைப்பால் அவர் மறைந்தார்.

'டிடூர்': பணமின்மையின் உச்சம்

லூட்டனுக்குப் பின்னால் ஒரு பெருநிறுவனத்தின் அரங்குகள், கிடங்குகள், தொழில்நுட்பர் ஆகிய வசதிகள் இருந்தன. அவை எதுவுமற்ற வறுமைச் சந்தில் பணியாற்றியவர் எட்கர் ஜி. உல்மர். ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசில் பிறந்து, ஜெர்மானியத் திரைப்பட, நாடக உலகில் பயின்ற அவர், 1934இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக 'தி பிளாக் கேட்' என்ற வெற்றிப் படத்தை இயக்கிய பிறகு, நிறுவன உரிமையாளரின் உறவினருடைய மனைவியைக் காதலித்து மணந்ததால் பெருநிறுவனங்களின் கதவுகள் அடைபட்டு, 1940களில் பி.ஆர்.சி.யில் அடைக்கலம் புகுந்தார்.

அங்கே அவர் இயக்கி 1945இல் வெளிவந்த 'டிடூர்' 68 நிமிடம் ஓடுகிறது. நியூயார்க்கின் இரவு விடுதியொன்றில் பியானோ வாசிக்கும் ஒருவன், காதலியைச் சேர லாஸ் ஏஞ்சலிஸுக்கு வழிப்போக்கர் கார்களில் இடம் கேட்டுச் செல்கிறான். அவனை ஏற்றிக்கொண்டவர் வழியில் இறந்துவிட, கொலைப்பழிக்கு அஞ்சி, இறந்தவரின் பெயரையும் காரையும் பணத்தையும் தனதாக்கிக்கொள்கிறான். உண்மையை அறிந்த வேரா என்ற பெண் அவனைத் தன் பிடியில் வைத்துக்கொள்கிறாள். டாம் நீலும் ஆன் சாவேஜும் இவ்வேடங்களில் நடித்தனர். படம் ஆறே நாள்களில் எடுக்கப்பட்டது என்று உல்மர் பிற்காலத்தில் கூறியது நெடுநாள் நம்பப்பட்டுவந்தது. நாள்களும் செலவும் அதைவிடக் கூடுதலானவை என்பதைப் பின்னாளைய ஆய்வாளர்கள் தெளிவாக்கியுள்ளனர். எனினும் ஏ படங்களின் அளவுகோலில் இது மிகச்சிறிய தயாரிப்பே என்பதில் ஐயமில்லை.

சிக்கனத்தின் தடங்கள் படம் முழுதும் தெரிகின்றன. நியூயார்க் தெரு முழுவதும் செயற்கை மூடுபனியால் நிரப்பப்பட்டு, விளக்குக்கம்பமும் தெருப்பெயர்ப் பலகையும் மட்டுமே காட்டப்படுகின்றன, கட்டடங்கள் கட்டப்படவில்லை. கார்ப் பயணங்கள், நிற்கும் காருக்குப் பின்னால் திரையில் முன்பே எடுத்த சாலைக்காட்சியை ஓடவிடும் பின்திரைமுறையில் அமைந்துள்ளன. கிழக்கிலிருந்து மேற்கே போகும் திசையைக் காட்ட வேண்டி நெகடிவ் புரட்டப்பட்டதால், சில காட்சிகளில் கார்கள் சாலையின் தவறான பக்கத்தில் செல்கின்றன. இவை பிழைகளே. ஆனால் கதை முழுவதும் தன்னைக் குற்றமற்றவன் என்று நிறுவ முயலும் ஒருவனின் நினைவோட்டமாக அமைந்திருப்பதால், அவன் சொல்வதை முழுமையாக நம்ப இயலாத உலகில் இப்பொருந்தாமைகள் இயல்பாக அடங்குகின்றன. ஒரு காட்சியில் அவன் முகம் முழுதும் இருளில் மூழ்க, கண்களின்மேல் மட்டும் ஒளி விழுந்து, அருகிலுள்ள கோப்பை பன்மடங்கு பெரிதாகத் தோன்றுவது, ஜெர்மானிய மரபில் கற்ற கைத்திறன் மலிவான அரங்கிற்குள் நுழைந்ததன் விளைவு.

அக்காலத்தில் அமெரிக்கப் படங்கள் அனைத்தும் தயாரிப்பு நெறிமுறை என்ற தொழில்துறைத் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. குற்றம் செய்தவர் தண்டனை பெறாமல் தப்புவதாகக் காட்டக் கூடாது என்பது அதன் விதிகளுள் முதன்மையானது. இதற்கேற்ப நாயகன் இறுதியில் காவல்துறைக் காரில் ஏற்றப்படுகிறான். ஆனால் அது நீதியின் வெற்றியாக அல்லாமல், காரணமின்றி ஒருவன்மேல் விழும் ஊழின் கையாகவே படத்தில் தோன்றுகிறது. விதிக்குப் பணிந்துகொண்டே அதன் பொருளை மாற்றிவிடும் இத்தகைய திறமை, மேலிடத்தின் பார்வை குறைவாக விழுந்த படங்களிலேயே எளிதில் வாய்த்தது.

ஒளியைக் குறைத்த ஒளிப்பதிவாளர்

நகர்ப்புறக் குற்றம், விதிவசப்பட்ட மாந்தர், கடும் நிழல் ஆகியவை கொண்ட இவ்வகைப் படங்களுக்கு 'ஃபிலிம் நுவார்' என்ற பெயரை 1946இல் பிரெஞ்சு விமர்சகர் நீனோ ஃபிராங்க் முதலானோர் வழங்கினர். நுவார் படங்களுள் பெருஞ்செலவில் எடுக்கப்பட்டவையும் உண்டு. ஆயினும் அதன் காட்சிமொழியை எல்லைவரை கொண்டுசென்றவர், சிறுநிறுவனங்களில் உழைத்த ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன். பி.ஆர்.சி.யின் இடத்தைப் பிடித்த ஈகிள்–லயன் நிறுவனத்துக்காக இயக்குநர் ஆன்டனி மானுடன் அவர் இணைந்து உருவாக்கிய 'டி–மென்' (1947), 'ரா டீல்' (1948) ஆகிய இரண்டும் இத்துறையின் அளவுகோல்களாக இன்றும் மதிக்கப்படுகின்றன.

அக்கால ஹாலிவுட்டில் ஒரு காட்சிக்கு முதன்மை ஒளி, நிழலை மென்மையாக்கும் நிரப்பொளி, உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் பின்னொளி எனப் பல விளக்குகளை அமைப்பது மரபு. அவற்றைப் பொருத்தவும் சரிபார்க்கவும் மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். நேரமே பி படத்தின் மிகப்பெரிய செலவு. ஆல்டன் நிரப்பொளியைப் பெரும்பாலும் விலக்கி, ஒன்றிரண்டு விளக்குகளைக் கொண்டே காட்சியை அமைத்தார். இதனால் வேலை விரைந்தது. கட்டப்படாத சுவர்களும் மலிவான பொருள்களும் இருளில் மறைந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கிருந்து ஆபத்து வரும் என்று அறிய இயலாத உலகம் ஒன்று உருவாயிற்று. எதை ஒளியில் காட்டுவது என்பதைவிட எதை இருளில் விடுவது என்பதே ஒளிப்பதிவாளரின் முதன்மைத் தீர்மானம் என்பதை அவரது படங்கள் நிறுவின. 1949இல் அவர் எழுதிய 'பெயின்டிங் வித் லைட்' ஒளிப்பதிவாளர் ஒருவர் தம் கலையைப் பற்றி எழுதிய முன்னோடி நூல்களுள் ஒன்று. 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' என்ற வண்ண இசைப்படத்தின் நடனக் காட்சிக்காக அவர் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார் என்பது, அவரது இருள் திறமைக்குறைவால் வந்ததன்று என்பதற்குப் போதிய சான்று.

ஒலியிலும் இதே சிக்கனம் செயல்பட்டது. ஜோசப் எச். லூயிஸ் இயக்கி ஆல்டன் ஒளிப்பதிவு செய்த 'தி பிக் காம்போ' (1955) படத்தில், காது மந்தமான கூட்டாளி ஒருவனைக் கொல்லுமுன் அவனது செவிக்கருவியைக் கும்பல் தலைவன் கழற்றிவிடுகிறான். உடனே படத்தின் ஒலி முழுவதும் நின்று, துப்பாக்கிகளின் தீப்பொறி மட்டும் அமைதியில் ஒளிர்கிறது. ஒலியை நிறுத்துவதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் சாகப்போகிறவனின் செவிக்குள்ளேயே பார்வையாளரை நிறுத்திவிடும் அந்த முடிவுக்கு நுண்ணறிவு தேவைப்பட்டது.

சாலைக்கு வந்த கேமரா

அரங்கமைப்புக்குப் பணமில்லாத தயாரிப்பாளர்கள் உண்மையான தெருக்களை நாடினர். லூயிஸின் முந்தைய படமான 'கன் கிரேஸி' (1950) இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. துப்பாக்கிமேல் தீராப் பித்துக்கொண்ட இளம் தம்பதியர் வங்கிகளைக் கொள்ளையடிக்கும் கதை அது. அதன் முதன்மையான கொள்ளைக் காட்சியில் கேமரா காரின் பின்னிருக்கைப் பகுதியிலேயே இருக்கிறது. ஊருக்குள் நுழைவது, நிறுத்த இடம் தேடுவது, கணவன் வங்கிக்குள் சென்றபின் மனைவி வாயிலில் நின்ற காவலரிடம் பேச்சுக்கொடுப்பது, பின் இருவரும் தப்பி ஓடுவது ஆகிய அனைத்தும் ஒரே தொடர்ச்சியான காட்சியாக, வெட்டே இன்றி நிகழ்கின்றன. வங்கியின் உட்புறத்தைக் கட்டவேண்டிய தேவையோ, பல நாள் படப்பிடிப்போ, துணைநடிகர் கூட்டமோ வேண்டியிருக்கவில்லை. பார்வையாளர் குற்றத்தைத் தொலைவிலிருந்து காணும் சாட்சியாக இல்லாமல், காருக்குள் காத்திருக்கும் கூட்டாளியாகவே ஆகிவிடுகின்றனர். பொதுவுடைமைத் தொடர்பு காரணமாகத் தடைப்பட்டியலில் வைக்கப்பட்டிருந்த டால்ட்டன் டிரம்போ, வேறோர் எழுத்தாளரின் பெயரில் மறைந்து இதன் திரைக்கதையில் பணியாற்றினார் என்பது, இச்சிறு படங்கள் விலக்கப்பட்டவர்களுக்கும் இடமளித்தன என்பதைக் காட்டுகிறது.

பெண்களுக்கும் இவ்விடம் ஓரளவு திறந்திருந்தது. நடிகையாகப் புகழ்பெற்ற ஐடா லுபினோ சொந்த நிறுவனம் அமைத்து இயக்கிய 'தி ஹிட்ச்–ஹைக்கர்' (1953), வழியில் ஏற்றிக்கொண்ட கொலைகாரனிடம் இரண்டு நண்பர்கள் சிறைப்பட்ட கதை. பில்லி குக் என்பவன் செய்த உண்மையான கொலைகளைத் தழுவியது. 'கேட் பீப்பிள்' படத்தின் முசுராகாவே இதற்கும் ஒளிப்பதிவாளர். உறங்கும்போதும் ஒரு கண் மூடாத அக்கொலைகாரன் விழித்திருக்கிறானா இல்லையா என்று அறிய இயலாத இரவுகள், பாலைவெளியின் நடுவேயும் ஓர் அறைக்குள் அடைபட்ட உணர்வைத் தருகின்றன. இருளை அச்சத்தின் இடமாகக் கண்ட லூட்டனின் மரபு, சுட்டெரிக்கும் வெயிலிலும் தொடர முடியும் என்பதை லுபினோ காட்டினார்.

வெளிப்புறங்களைத் தேடிய இப்போக்கு தமிழகம்வரை நீண்டதும் உண்டு. சிறுமுதலீட்டுப் படங்களுக்குப் பெயர்பெற்ற ராபர்ட் லிப்பெர்ட்டின் நிறுவனமும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் கூட்டாக உருவாக்கிய 'தி ஜங்கிள்' 1952இல் வெளிவந்தது. தமிழில் அது 'காடு' என வழங்கியது. வில்லியம் பெர்க் இயக்கிய அப்படத்தில் இந்திய யானைகளே மயிரடர்ந்த பழங்கால மாமூத்துகளாக வேடமிட்டன. அதன் நாயகி மேரி வின்ட்சர், அதே ஆண்டில் வெளியான 'தி நேரோ மார்ஜின்' என்ற சிறந்த பி குற்றப்படத்தின் முதன்மை நடிகையும் ஆவார்.

அமைப்பின் முடிவும் தொடர்ச்சியும்

1948 மே மாதத்தில் அமெரிக்க உச்சநீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, தொகுப்பு வாடகைமுறையைச் சட்டவிரோதமாக்கி, பெருநிறுவனங்கள் தம் அரங்குகளைக் கைவிடவும் வழிவகுத்தது. ஒவ்வொரு படமும் தனித்தனியே விலைபோக வேண்டிய நிலை வந்தபின், விற்பனை உறுதிசெய்யப்பட்ட துணைப்படத்திற்கு இடம் இல்லாமற்போயிற்று. அதே ஆண்டுகளில் பரவிய தொலைக்காட்சி, வீட்டிலேயே இலவசமாகக் குற்றக்கதைகளைத் தந்தது. ஈகிள்–லயனின் 'ஹீ வாக்ட் பை நைட்' (1948) படத்தில் சிறுவேடத்தில் நடித்த ஜாக் வெப், அப்பட அனுபவத்திலிருந்தே 'டிராக்நெட்' என்ற புகழ்பெற்ற வானொலி, தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். தன் உள்ளடக்கத்தையும் உழைப்பாளரையும் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டே பழைய பி படம் மறைந்தது.

1950களில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் போன்ற புதிய நிறுவனங்கள், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்–இன் அரங்குகளுக்கு வந்த இளைஞரை நம்பி, இரண்டு சிறுமுதலீட்டுப் படங்களையே ஒரு சீட்டில் இணைத்து விற்றன. வேறொரு படத்திற்காகக் கட்டிய அரங்கு பிரிக்கப்படும் முன் ஏறத்தாழ இரண்டு நாள்களில் 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் பெரும்பகுதியை ரோஜர் கோர்மன் எடுத்து முடித்ததும் இச்சூழலில்தான். அதே 1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், தம் தொலைக்காட்சித் தொடரின் குழுவைக்கொண்டு, கறுப்பு வெள்ளையில், 8,00,000 டாலரைச் சற்றே தாண்டிய செலவில் 'சைக்கோ'வை உருவாக்கினார். ஹாலிவுட்டின் மிகப்பெரிய இயக்குநர் ஒருவர் தாமாகவே விரும்பிச் சிறுமுதலீட்டு முறையை ஏற்றார் என்பது, அம்முறை கற்றுத்தந்தவற்றுக்குக் கிடைத்த ஏற்பாகும். கடல்கடந்தும் அவ்வேற்பு ஒலித்தது. பிரெஞ்சு இயக்குநர் ழான்–லுக் கொதார் தம் முதல் கதைப்படமான 'பிரெத்லெஸ்'ஸை வறுமைச் சந்தின் மோனோகிராம் நிறுவனத்திற்கே காணிக்கையாக்கினார்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகள் மூன்று செய்திகளை உறுதிப்படுத்துகின்றன. முதலாவது, கலைஞருக்கு வேலை தொடர்ந்து கிடைக்கும் அமைப்பு இன்றியமையாதது. நிலைவாடகை தந்த உறுதி இல்லையேல் லூட்டனுக்கு ஒன்பது திகில் படங்கள் கிடைத்திருக்க மாட்டா, ராப்சனும் வைஸும் இயக்கக் கற்றிருக்க மாட்டார்கள். இரண்டாவது, சுதந்திரம் எப்போதும் கொடையாக வருவதில்லை. பல வேளைகளில் அது புறக்கணிப்பின் வடிவிலேயே வருகிறது, அதை அடையாளம் கண்டவர்களே பயன்பெற்றனர். மூன்றாவதும் முதன்மையானதுமான செய்தி, பற்றாக்குறை ஒரு கேள்வியை மட்டுமே எழுப்புகிறது, விடையைத் தருவதில்லை என்பதாகும். ஒரே பற்றாக்குறைக்கு மோனோகிராமின் லுகோசி படங்கள் ஒரு விடையையும், 'கேட் பீப்பிள்' முற்றிலும் வேறான விடையையும் தந்தன. இரண்டுக்கும் உள்ள இடைவெளி, ஒரு காட்சிக்கு உண்மையில் எது தேவை என்று சிந்தித்தவர்களின் உழைப்பினால் உண்டானது.

இப்படங்கள் பிழைத்ததும் அக்கறையுள்ளவர்களின் முயற்சியால்தான். அமெரிக்க நாடாளுமன்றம் 1988இல் இயற்றிய சட்டத்தின்வழி அமைந்த தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 'டிடூர்' 1992இலும், 'கேட் பீப்பிள்' 1993இலும், 'கன் கிரேஸி', 'தி ஹிட்ச்–ஹைக்கர்' ஆகிய இரண்டும் 1998இலும் சேர்க்கப்பட்டன. தேய்ந்த பிரதிகளில் மட்டுமே பல பத்தாண்டுகள் பார்க்கப்பட்டுவந்த 'டிடூர்' 2018இல் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. எந்தப் படம் காக்கத்தக்கது என்பதை அதன் செலவோ வெளியான நாளின் புகழோ தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தமிழிலும் சிறுநிறுவனங்கள் எடுத்து மறக்கப்பட்ட துப்பறியும் படங்களும் மர்மப் படங்களும் பல உண்டு; அவற்றின் சுருள்களும் பாட்டுப்புத்தகங்களும் விளம்பரத்தாள்களும் யாரும் கேட்பாரற்று அழியும் முன், தரம் எது என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்காமல், கிடைப்பவை அனைத்தையும் தொகுத்துக் காக்கும் பணியைப் பல்கலைக்கழகங்களும் திரைப்பட ஆய்வாளர்களும் இப்போதே மேற்கொள்ள வேண்டும்.